தனியாக நிரல் கற்பவரை யார் திருத்துவது?

நிரல் எழுதக் கற்க விரும்பும் ஒருவருக்கு இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பு முழுவதும் இலவசம். எம்.ஐ.டி. தன் பாடங்களை 2002 முதலே இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல்லில் சி, ஜாவா, பைத்தான் வகுப்புகள் வாராந்திர வீட்டுப்பாடத்தோடு நடக்கின்றன. 2014இல் குயின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் ஒரு பைசா கேட்பதில்லை. யூடியூபில் தமிழிலேயே முதல் வரியிலிருந்து சொல்லித்தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். தானே கற்றவர்கள் இந்தத் தொழிலில் அபூர்வமானவர்களும் இல்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016இல் நடத்திய கருத்தாய்வில் பதில் சொன்ன நிரலாளர்களில் 69 விழுக்காட்டினர் ஓரளவாவது தாமாகவே கற்றதாகச் சொன்னார்கள். முழுக்க முழுக்கத் தாமாகவே கற்றதாகச் சொன்னவர்கள் 13 விழுக்காடு.

இருந்தும் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய எல்லாத் துறைப் பாடங்களையும் அலசி, ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருய்பெரெஸ் வலியென்டேயும் 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2017–18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. இந்த எண்ணை அப்படியே தூக்கிப் பிடிப்பது நியாயமில்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும், ஒரே ஒரு பாடம் மட்டும் தேவைப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். ஆனால் சான்றிதழுக்காகக் காசு கட்டிச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தாலும் 46 விழுக்காட்டினரே முடித்தார்கள். கட்டணம் கட்டிய ஒருவர் ஆர்வம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது.

பாடம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, பலரிடம் கணினியும் இருக்கிறது. அப்படியென்றால் குறைவது என்ன? கடந்த நாற்பது ஆண்டுகளில் கணினிக் கல்வி பற்றி வந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், என் பார்வையில், அவை திரும்பத் திரும்ப ஓரிடத்துக்கே கொண்டுவந்து விடுகின்றன. கற்பவர் தவறாகப் புரிந்துகொண்டதை அன்றைக்கே பிடித்து, ‘இங்கே பார், இது அப்படி இல்லை’ என்று காட்ட ஆள் வேண்டும், அல்லது அந்த ஆளின் வேலையைச் செய்யும் ஓர் ஏற்பாடு வேண்டும். கல்லூரியில் அது அரைகுறையாகவாவது கிடைக்கிறது. தனியாகக் கற்பவர் அதைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லோரும் முதலில் கேட்பது என்னவோ மொழியைப் பற்றித்தான். “ஜாவா எடுக்கலாமா, பைத்தான் எடுக்கலாமா?” இதற்கு ஓரளவு விடை உண்டு. ஆன்ட்ரியஸ் ஸ்டெஃபிக், சூசன்னா சீபர்ட் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களிடம் ஆளுக்கொரு மொழியைக் கொடுத்துச் சிறு நிரல்கள் எழுதச் சொன்னார்கள். ஒப்பீட்டுக்காக, குறியீடுகளைத் தற்செயலாகப் பொறுக்கிச் சேர்த்த ஒரு போலி மொழியும் அதில் இருந்தது. ஜாவாவும் பெர்லும் கிடைத்தவர்கள் அந்தப் போலி மொழி கிடைத்தவர்களைவிட மேலாக எழுதவில்லை. பைத்தான், ரூபி, குவோரம் கிடைத்தவர்கள் மேலாக எழுதினார்கள். 2014இல் ஃபிலிப் குவோ எடுத்த கணக்கில், அமெரிக்காவின் முன்னணிக் கணினித் துறைகள் 39இல் 27 தங்கள் அறிமுக வகுப்பில் பைத்தானை வைத்திருந்தன. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் பைத்தான்தான். தமிழ்வழிப் பதிப்பை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆகவே பைத்தான். வலைப்பக்கம் செய்துபார்க்கும் ஆசைதான் உந்துகிறது என்றால் ஜாவாஸ்கிரிப்ட். எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மாற்ற வேண்டாம். இதற்கு மேல் அந்தக் கேள்வி நம் நேரத்துக்குத் தகுதியானது இல்லை.

அதைவிட ஆழமாகப் புண்படுத்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. “எனக்கு இது தலையில் ஏறுமா?” சிலருக்குப் பிறவியிலேயே வரும், மற்றவர்களுக்கு வராது என்ற நம்பிக்கை நிரலாளர்களிடமே பரவலாக இருக்கிறது. அதற்கு ஆய்வின் உடுப்பைப் போட்டுவிட்டது 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஒரு வரைவு. சயீத் தெனாதியும் ரிச்சர்ட் போர்னட்டும் எழுதியது. வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு சிறு தேர்வு வைத்து, யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று பிரித்துவிடலாம் என்றது அது. உலகம் முழுக்க அதைப் பகிர்ந்தார்கள். போர்னட் 2014இல் அந்த முடிவைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் செய்தி முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் போகவில்லை. 2016இல் எலிசபெத் பட்டிட்சாஸ் குழுவினர் கனடாவின் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கணினி வகுப்புகளின் 778 மதிப்பெண் பட்டியல்களை எடுத்துச் சோதித்தார்கள். ‘வருகிறவர்கள், வராதவர்கள்’ என்று மாணவர்கள் இரண்டு மேடாகப் பிரிந்து நிற்பதற்கான அறிகுறி 5.8 விழுக்காட்டுப் பட்டியல்களில் மட்டுமே தெரிந்தது.

ஆனால் தெனாதியின் தேர்வில் இருந்த கேள்விவகை மட்டும் அருமையானது. ஒன்றைப் பாருங்கள்:

அ = 3
ஆ = 5
அ = ஆ
ஆ = அ

நான்கு வரியும் ஓடி முடித்தபின் அ எவ்வளவு, ஆ எவ்வளவு? இரண்டும் இடம் மாறி, அ 5 ஆகவும் ஆ 3 ஆகவும் இருக்கும் என்பார் ஒருவர். மூன்றும் ஐந்தும் எப்படிச் சமமாகும், கணக்கே தவறு என்பார் இன்னொருவர். நான்கு வரியும் ஒரே நேரத்தில் நடப்பதாக நினைத்துக் குழம்புபவரும் உண்டு. சரியான விடை, இரண்டும் 5. மூன்றாம் வரியில் ஆவின் மதிப்பு அவுக்குள் போய் உட்கார்ந்த கணமே பழைய 3 அழிந்துவிட்டது. நான்காம் வரி எடுத்துக்கொடுப்பதற்கு 5 மட்டுமே மிச்சம்.

தவறாகச் சொன்னவர்களில் யாரும் முட்டாள் இல்லை. பள்ளியில் பத்து ஆண்டு சமக்குறியைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கே அது இரண்டு பக்கமும் ஒன்றே என்று சொல்கிறது. இங்கே அது ஒரு கட்டளை: வலப்பக்கத்து மதிப்பை எடு, இடப்பக்கத்துப் பெயரில் வை. இந்த வேறுபாடு பிடிபடாமல் ஒருவர் முதல் வாரத்தைக் கடந்துவிட முடியும். ‘அ = 3’ என்ற வரியை எந்தப் புரிதலோடு எழுதினாலும் ஒரே விடைதான் வரும். மூன்றாம் வாரம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்புக்குள் ‘அ = அ + 1’ என்று வரும்போது எல்லாம் இடிந்து விழும். அப்போது அவர் லூப் கடினம் என்றே நினைப்பார். முதல் நாளில் விழுந்த விரிசல் என்று அவருக்குத் தெரியாது.

நியூசிலாந்தின் அந்தோணி ராபின்ஸ் 2010இல் இதைத்தான் விளக்கினார். நிரலாக்கத்தில் ஒவ்வொரு கருத்தும் முந்தைய கருத்தின் தோளில் ஏறி நிற்கிறது. ஆரம்பத்தில் ஒன்று பிடிபட்டால் அடுத்தது எளிதாகிறது, ஒன்று தவறினால் அடுத்தது கடினமாகிறது. ஒரே திறமை உள்ள இருவர் சில வாரங்களில் வெகுதூரம் விலகிப்போக இதுவே போதும். ‘எனக்கு ஏறாது’ என்று விட்டுப்போனவர்களில் எத்தனை பேர், இரண்டாம் நாளில் யாராவது ஒருவர் அருகில் உட்கார்ந்து அந்த நான்கு வரியை விளக்கியிருந்தால் தங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ராய் பீ 1986இலேயே இன்னொரு அடிப்படைத் தவறைச் சுட்டிக்காட்டினார். கணினிக்குள் ஒரு மனம் இருக்கிறது, நாம் சொல்ல வந்ததை அது ஊகித்துக்கொள்ளும் என்று தொடக்கநிலையாளர்கள் தம்மையறியாமலே நம்புகிறார்கள் என்றார். அவர் கணக்கில், மற்றப் பல தவறுகளுக்கும் தாய் இதுவே. மறுமருந்து, இயந்திரம் உண்மையில் வரிக்கு வரி என்ன செய்கிறது என்ற படத்தை மனத்துக்குள் கட்டுவது. அந்தப் படம் எழுதுவதால் மட்டும் வருவதில்லை. படிப்பதாலும் கையால் ஓட்டிப்பார்ப்பதாலும் வருகிறது.

இங்கேதான் கல்லூரிகளே சறுக்கியிருக்கின்றன. 2001இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்கு, முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்தபின், கால்குலேட்டர் போன்ற ஒரு நிரலை எழுதக் கொடுத்தார்கள். 110க்குச் சராசரி மதிப்பெண் 22.89. ஆசிரியர்கள் அதிர்ந்துபோனார்கள். தீர்வு காணும் திறன் இல்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் குழுவினர் ஏழு நாடுகளில் இன்னும் எளிய ஒன்றைச் சோதித்தார்கள்: எழுத வேண்டாம், எழுதியிருக்கும் சிறு நிரலைப் படித்து விடை என்ன வரும் என்று சொன்னால் போதும். அதிலேயே ஏராளமானோர் தடுமாறினார்கள். படிக்கவே வராதவரிடம் எழுதச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் விடைத்தாளின் ஓரங்களையும் பார்த்தார்கள். மாறிகளின், அதாவது அ, ஆ போன்ற பெயர்களின், மதிப்பை வரிக்கு வரி குறித்துக்கொண்டே போனவர்கள் சரியான விடையை அடைந்தது அதிகம்.

ஆகவே தொடக்கநிலையாளருக்கு நான் சொல்லும் முதல் கருவி, கோடு போடாத ஒரு நோட்டு. சிறு நிரலை எடுத்து, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி போட்டு, வரிக்கு வரி மதிப்பை எழுதுங்கள். திரையில் என்ன அச்சாகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு அதன்பிறகு ஓட்டுங்கள். உங்கள் ஊகமும் திரையும் வேறுபட்டால், அன்றைய பாடம் அதுவே. ஃபிலிப் குவோ 2010இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற தளம் இதே வேலையைப் படமாகக் காட்டும். வரிக்கு வரி அம்புக்குறி நகரும், ஒவ்வொரு மாறியும் கட்டத்துக்குள் மாறுவது கண்ணுக்குத் தெரியும். நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு அங்கே போய்ச் சரிபார்க்க வேண்டும். முதலிலேயே அங்கே போய்விட்டால் ஊகிக்க ஒன்றும் இருக்காது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் சூ சென்டன்ஸ் பரப்பிய முறையும் இப்படித்தான் போகிறது. ஊகி, ஓட்டு, ஆராய், கொஞ்சம் மாற்று, கடைசியில் சொந்தமாகச் செய். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பட்ரீஷியா ஹேடனும் 2006இல் கொண்டுவந்த பயிற்சி இன்னொரு படி: சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுப்பார்கள், வரிசைப்படுத்த வேண்டும். வெற்றுத் திரையின் முன்னால் உறைந்துபோகும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் செய்துபார்த்தால்தான் தெரியும்.

‘தானே துழாவிக் கண்டுபிடித்தால்தான் நிற்கும்’ என்ற கட்சியும் பழையது, மதிப்புக்குரியது. 1967இல் லோகோ மொழியைப் படைத்தவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், குழந்தைகள் கட்டிப்பார்த்தே கற்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். எதிர்ப்பக்கத்தில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல், புதியவர்கள் கணக்கைத் தாமே போட்டுத் திணறுவதைவிட, தீர்த்துவைத்த கணக்குகளை ஊன்றிப் படிக்கும்போது விரைவாகக் கற்கிறார்கள் என்று இயற்கணிதத்தில் காட்டினார்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. ஸ்வெல்லரின் வழியில் வந்த ஆய்வாளர்களே, தேர்ச்சி ஏற ஏற அந்த உதவி சுமையாகிவிடுகிறது என்றும் கண்டார்கள். தொடக்கத்தில் வழிகாட்டல் நிறைய, போகப்போகக் குறைவு. பேப்பர்டின் மகிழ்ச்சி இரண்டாம் கட்டத்தில் காத்திருக்கிறது.

வீடியோ பார்ப்பது மட்டும் இந்த இரண்டிலும் சேராது. “பார்க்கும்போது புரியுது, தனியா உட்கார்ந்தா ஒரு வரி வரலை” என்று சொல்லாத தொடக்கநிலையாளரே இல்லை. கைடில் விடையைப் பார்த்தபடி கணக்குப் போட்ட மாணவரின் நிலை இது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனையில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் முந்தினார்கள். பத்து நிமிட வீடியோவுக்கு முப்பது நிமிடம் வீடியோவை மூடிவிட்டு எழுதுவது நல்ல கணக்கு.

எழுதியதைத் திருத்துபவர் யார் என்ற கேள்வி மறுபடி வருகிறது. பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேர்பெற்ற ஆசிரியரா, அழகான தளமா என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நான் அனுப்பும் விடையை எது சோதிக்கிறது என்று முதலில் பாருங்கள். சிஎஸ்50இல் உங்கள் நிரலைப் பல உள்ளீடுகளோடு ஓட்டிப்பார்த்து எங்கே தவறுகிறது என்று சொல்லும் கருவி இருக்கிறது. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் திறந்த நிரலாக்கப் பாடம் விரிவுரையைச் சுருக்கி, முதல் வாரத்திலிருந்தே தானாகத் திருத்தப்படும் சிறு பயிற்சிகளை ஏராளமாகக் கொடுக்கிறது. என்பிடெல்லில் வாராந்திரக் கெடு இருக்கிறது. அந்தக் கெடுவின் மதிப்பைத் தனியாகக் கற்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இயந்திரம் திருத்தாத ஒன்று உண்டு: விடை சரியாக வந்தும் நிரல் மோசமாக இருப்பது. அதற்கு மனிதக் கண் வேண்டும். கத்ரீனா ஓவன் 2013இல் தொடங்கிய எக்ஸர்சிசம் தளத்தில் அனுபவமுள்ளவர்கள் தன்னார்வமாக உங்கள் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் பயனர் குழுவும் கூட்டங்கள் நடத்திவருகின்றன. புதியவர்கள் போய் ஓரமாக உட்கார்ந்தால்கூடப் போதும், இரண்டாம் கூட்டத்தில் பேச ஆள் கிடைப்பார். ஜோஹோ 2005 முதல் நடத்திவரும் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து நிரலாளர்களாக ஆக்குகிறார்கள். பட்டம் இல்லாமல் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே பக்கத்தில் ஆசிரியர் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் நிபுணராக இருக்க வேண்டுமா? சுகதா மித்ராவும் ரீத்து டங்வாலும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் ஊர்ப்பக்கமே நடந்தது. காளிக்குப்பம் என்ற கிராமத்தில் தமிழ் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் இருந்த உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் வைத்துவிட்டு, ஆசிரியர் இல்லாமல் விட்டார்கள். தாமாகவே சுமார் 30 விழுக்காடு மதிப்பெண்ணை எட்டினார்கள். அதன்பின், பாடம் தெரியாத ஓர் இளம்பெண் அவர்கள் பக்கத்தில் நின்று, கேட்டு, வியந்து, உற்சாகப்படுத்தினார். மதிப்பெண் 50ஐ ஒட்டி உயர்ந்தது. சிறிய ஆய்வு, கொள்கையை முன்வைத்தவரே செய்தது. பொதுச் சுவரில் கணினியைப் பதித்துப் பிள்ளைகளைத் தாமாகக் கற்க விட்ட மித்ராவின் ‘சுவரில் துளை’ திட்டத்தின் வடஇந்திய மையங்கள் சில பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்ததை பாயல் அரோரா எழுதியிருக்கிறார். ஆகவே அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனாலும் இதை வீட்டிலேயே செய்துபார்க்கத் தடையில்லை. தங்கையிடமோ நண்பரிடமோ தினமும் பத்து நிமிடம் உங்கள் நிரலை வரிக்கு வரி விளக்குங்கள். “ஏன்?” என்று அவர் கேட்டு நீங்கள் தடுமாறும் வரியில்தான் பெரும்பாலும் தவறு ஒளிந்திருக்கும்.

தமிழ்வழியில் படித்து வருகிறவருக்குச் சுமை இரட்டிப்பு. ஃபிலிப் குவோ 2018இல் 86 நாடுகளைச் சேர்ந்த, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத 840 பேரிடம் கேட்டபோது, பாடத்தைப் படிப்பது, உதவி கேட்பது, நிரலையே படிப்பது என்று எல்லாப் படியிலும் மொழி குறுக்கே நின்றதாகச் சொன்னார்கள். சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2017இல் குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் மொழியைப் பயன்படுத்தும் தொடக்கநிலையாளர்களை ஆராய்ந்தார்கள். கட்டளைகளைத் தாய்மொழியில் வைத்திருந்தவர்கள் புதிய கருத்துகளை விரைவாக எடுத்தாண்டார்கள். தமிழில் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி இருக்கிறது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், அதன்வழி வந்த து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயரை ஏற்றுக்கொள்ளும். மேலே உள்ள நான்கு வரியையும் அப்படியே தட்டினாலும் ஓடும். கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு, கட்டளைகளை ஆங்கிலத்தில் பழகுவதே வேகமான வழி என்பது என் எண்ணம். தமிழில் மட்டும் நின்றுவிட்டால் நிரல் நூலகங்களும் விளக்கக் குறிப்புகளும் எட்டாமல் போகும். எரர் செய்திகளுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். வந்த செய்தி, அதற்குத் தமிழில் பொருள், உண்மையில் நடந்த தவறு என்று மூன்று பத்தி. திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சமே. 2021இல் வந்த பைத்தான் 3.10 முதல் அந்தச் செய்திகளும் தெளிவாகியிருக்கின்றன. மூடாத அடைப்புக்குறி எது என்றுகூடச் சுட்டிக்காட்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், திருத்துநர் கிடைத்துவிட்டார் என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். பாதி உண்மை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஹம்சா பஸ்தானி குழுவினர் கணிதத்தில் செய்த சோதனையில், ஏஐ கையில் இருந்தபோது பயிற்சி மதிப்பெண் 48 விழுக்காடு உயர்ந்தது. அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏஐயையே பார்க்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைந்தது. விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஏஐயிடம் படித்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. நிரலாக்கத்தில் ஜேம்ஸ் பிராதர் குழுவினர் 2024இல் 21 பேரை நெருக்கமாகக் கவனித்தபோது, ஏற்கெனவே தேர்ந்தவர்கள் ஏஐயால் வேகமெடுத்தார்கள். திணறியவர்களில் பலர், புரியாமலே புரிந்துவிட்டதாக நம்பி எழுந்துபோனார்கள். மாறாக, 10 முதல் 17 வயதுள்ள 69 பேரிடம் 2023இல் செய்த ஆய்வில், ஏஐயோடு பழகியவர்கள் பிறகு தனியாக எழுதுவதில் பின்தங்கவில்லை. அங்கே பயிற்சிகள் படிப்படியாகக் கட்டமைக்கப்பட்டிருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆகவே ஏஐயிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். ‘எழுதிக் கொடு’ என்று கேட்க வேண்டாம். உங்கள் நிரலையும் உங்கள் ஊகத்தையும் கொடுத்து, விடையைச் சொல்லாமல் என் எண்ணத்தில் எங்கே தவறு என்று மட்டும் சொல் என்று கேளுங்கள். முதல் மூன்று மாதம், ஏஐ எழுதிய ஒரு வரியைக்கூட நோட்டில் ஓட்டிப்பார்க்காமல் உங்கள் நிரலில் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? இருபத்துநான்கு மணி நேரத்தில் கற்கலாம் என்று விற்ற புத்தகங்களுக்கு எதிராக பீட்டர் நார்விக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பத்து ஆண்டு என்கிறது. அது தேர்ச்சிக்கு. அந்தக் கட்டுரையிலேயே, மற்ற நிரலாளர்களோடு பேசுங்கள், மற்றவர்களின் நிரலைப் படியுங்கள் என்ற அறிவுரையும் இருக்கிறது. தொடக்கநிலையைக் கடக்க, நாள் தவறாத ஒரு மணி நேரத்தில் ஆறு முதல் எட்டு மாதம் ஆகலாம் என்பது என் மதிப்பீடு. கைபேசி மட்டுமே உள்ளவர் நோட்டில் ஓட்டிப்பார்ப்பதையும் சிறு நிரல்களையும் அதிலேயே செய்யலாம். முப்பது வரியைத் தாண்டும்போது விசைப்பலகை உள்ள ஓர் இயந்திரத்தைத் தேடியே ஆக வேண்டும். அரசு மடிக்கணினி அலமாரியில் தூங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மூன்றாம் மாதவாக்கில் பாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டில் உண்மையாகவே ஒருவருக்குத் தேவைப்படும் ஒன்றை எழுதுங்கள். அம்மாவின் சீட்டுக் கணக்கு, தெருமுனைக் கடையின் பாக்கி நோட்டு, மகளிர் குழுவின் மாதத் தவணை. அம்மாவுக்கு நிரல் தெரியாது. ஆனால் கழிவு கழித்தபின் யாருக்கு எவ்வளவு என்பதில் ஒரு ரூபாய் பிசகினாலும் பிடித்துவிடுவார். அந்த நிரலை மூடிவைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திறந்து, ஆள் எண்ணிக்கை இருபதிலிருந்து இருபத்தைந்து ஆனால் எந்தெந்த வரியை மாற்ற வேண்டும் என்று ஓட்டிப்பார்க்காமலே குறித்துவையுங்கள். குறித்தவையும் உண்மையில் மாற்ற வேண்டியிருந்தவையும் ஒன்றாக இருந்தால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.